திருமறையிற் குறையுடைய பெரியோர்: ஆராயும் நெறி

கற்பார்க்குச் சில வினாக்கள் வகுப்பறையில் எழும். வேறு சில வாழ்க்கையில் எழும். முன்னவற்றிற்கு விடை எழுதி மதிப்பெண் பெறலாம். பின்னவற்றிற்கு விடை காணுமளவும் மனம் அமைதியுறாது. ஈண்டு யாம் ஆராயப் புகும் பொருள் இரண்டாம் வகையினது.

ஈரோட்டிற்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட இருப்புப்பாதையில் உள்ளது ஊத்துக்குளி என்னும் ஊர். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்றது. அண்மையிலுள்ள திருப்பூரிற் பனியன் தொழில் பெருகிய பின்னர், விடியலில் எழுந்து தையற்பொறிக்கும் செக்கிங் மேசைக்கும் செல்வோர் பலர் அவ்வூரிலும் சுற்றூர்களிலும் வாழ்கின்றனர். அப்பக்கத்துச் சிறு சபையொன்றிற் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததொரு செய்தியே இக்கட்டுரைக்கு வித்து. சபைப்பணத்தைக் காத்துவந்த பெரியவர் ஒருவர், கைம்பெண்களுக்கென ஒதுக்கிய நிதியில் ஒரு பகுதியைத் தம் சொந்தத் தொழிலுக்கு எடுத்தாண்டார் என்பது கணக்குப் பார்த்தபோது வெளிப்பட்டது. அவர் பலர்க்கும் உதவியவர், ஆலயத்திற்காக உழைத்தவர். ஆதலின் கூட்டத்தில் அவர் சார்பாகப் பலர் எழுந்து பேசினர். ஒருவர், “தாவீதே தவறினான், அவனைக் கர்த்தர் தள்ளிவிட்டாரா? நாம் யார் தள்ளுவதற்கு?” என்றார். பலர் தலையசைத்தனர். அப்பொழுது பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி எழுந்தாள். “ஏனுங்க, தாவீது ராசாவுக்குப் பேச இத்தன பேரு இருக்கீங்க. அந்த உரியாவுக்கு ஆருங்க பேசறது?” என்று கேட்டுவிட்டு அமர்ந்துகொண்டாள்.

விடுமுறைக்குச் சென்றிருந்த யானும் அக்கூட்டத்தில் இருந்தேன். அவ்வினாவிற்கு அன்று எவரும் விடை கூறிற்றிலர். தாவீதின் கதையைச் சிறுவயது முதல் ஓய்வுநாட்பள்ளியிற் கேட்டு வளர்ந்த எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டியும் பெரியோரை வினவியும் யான் கண்டவற்றை மாணவ நண்பர்க்கு முன்வைக்கத் துணிகின்றேன்.

பிழைபடும் மூன்று வழிகள்

திருமறையிற் போற்றப்படும் பெரியோரிடத்துக் குற்றம் காணும்பொழுது மாந்தர் மூன்று வழிகளில் ஒன்றை நாடுவர்.

முதலாவது வழி, குற்றத்தை மறைத்தல், அல்லது அது குற்றமேயன்று எனச் சாதித்தல். இவ்வழி மிகப் பழையது. யூதரின் தல்மூதில் ‘ஷப்பாத்’ என்னும் பகுதியில், தாவீது பாவம் செய்தான் என்பார் பிழைபட்டனர் என்று ரபி ஒருவர் கூறியதாக உள்ளது. தாவீதின் வீட்டாரோடு போருக்குச் சென்ற வீரரெல்லாம் தம் மனைவியர்க்குத் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுத்துச் சென்றனர். ஆதலாற் பத்சேபாள் அக்காலத்து உரியாவின் மனைவியல்லள் என்பது அவர் வாதம். அவ்வாதத்தை அதே நூலிற் பிற ரபிமார் ஐயுற்றனர் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. திருமறைக்குள்ளேயே நாளாகம ஆசிரியர், ரப்பாவை முற்றுகையிட்ட செய்தியையும் தாவீது எருசலேமிலேயே இருந்துவிட்ட செய்தியையும் கூறி, பத்சேபாளைப்பற்றியும் உரியாவின் சாவைப்பற்றியும் ஒன்றும் கூறாது கடந்து செல்கின்றார். தேவாலய வழிபாட்டின் வரலாறே அவருக்கு நோக்கமாதலின் அவர் அதனை விடுத்திருக்கலாம். ஆயினும், திருமறையைத் தொகுத்தோர் நாளாகமத்தை வைத்துக்கொண்டு சாமுவேல் நூலை நீக்கிவிடவில்லை. இரண்டும் ஒரே தொகுதியில் அருகருகே நிற்கின்றன. மறைக்க விரும்பியோர் இங்ஙனம் செய்யார்.

இரண்டாவது வழி, குற்றத்தை எடுத்துக்காட்டி நூலையே இகழ்தல். கி.பி. 400ஐ ஒட்டி, மணிக்கேய சமயத்துப் பவுஸ்து என்பவர், ஆபிரகாம், லோத்து, யூதா, தாவீது முதலியோரின் செயல்களைப் பட்டியலிட்டு, இத்தகையோரைக் கொண்ட பழைய ஏற்பாடு ஏற்கத்தகாதது என்று எழுதினார். ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயராகிய அகுஸ்தீன் அவருக்கு விரிவான மறுப்பு எழுதினார். அம்மறுப்பின் 22ஆம் பகுதியில் அவர் கூறுவதன் சாரம் இது: திருமறை முகத்துதி அறியாத கண்ணாடி, தன்முன் நிற்பாரின் அழகையும் காட்டும், வடுவையும் காட்டும், காட்டுதல் புகழ்தலாகாது.

நம் தமிழ்நாட்டவர்க்கும் ஈழத்தவர்க்கும் இவ்வகை வழக்கு புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் மிஷனெரிமார் சிலர் புராணங்களிற் கூறப்படும் செயல்களை எடுத்து இழித்துத் துண்டுநூல்கள் வெளியிட்டனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), பீற்றர் பெர்சிவல் என்னும் மிஷனெரியின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்தவர். ஆகவே அந்நூலை வரிவரியாய் அறிந்தவர். 1854இல் அவர் ‘சைவதூஷண பரிகாரம்’ என்னும் நூலை வெளியிட்டு, வேதாகமத்திலிருந்தே சான்று காட்டி மிஷனெரிமார்க்கு விடையிறுத்தார். பிறர் நூலை ஓர் அளவுகோலாலும் தம் நூலை வேறோர் அளவுகோலாலும் அளத்தல் நேர்மையன்று என்னும் பாடத்தை அவ்வழக்கினின்று யாம் கற்றுக்கொள்ளல் வேண்டும். பிறர் பெரியோரிடம் வடுத் தேடுபவன், தன் பெரியோரின் வடுவையும் காணக் கண்ணுடையனாதல் முறை.

மூன்றாவது வழி, கூட்டிக் கழித்தல். நன்மை இத்தனை, தீமை இத்தனை. நன்மை மிகுதியாதலின் நல்லவன் என்று முடித்தல். இதற்குத் திருக்குறளையே துணைக்கழைப்பாரும் உளர். ‘தெரிந்து தெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் ஒருவனுடைய குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, மிகுந்தது எதுவோ அதனைக் கொண்டு துணியுமாறு அறிவுறுத்துவது உண்மையே. ஆனால் அவ்வதிகாரம் நிற்கும் இடம் யாது? பொருட்பாலில், அரசன் தனக்கு வினைசெய்வாரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுமிடத்து நிற்கின்றது. பதவிக்கு ஆள் எடுக்கும் தராசு அது. ஓர் உயிரின் முடிந்த மதிப்பை நிறுக்கும் தராசாக அவர் அதனைத் தரவில்லை. மேலும், ஒருவன் பசித்தோர் நூற்றுவர்க்குச் சோறிட்டதனால், அவன் கொன்ற ஒருவன் உயிர்த்தெழுவதில்லை. நன்மையின் மிகுதி தீமையைக் கழித்துவிடும் என்றால், உரியாவின் இடத்தில் நிற்பவனுக்கு அக்கணக்கு எங்ஙனம் பொருந்தும்?

கதையே தீர்ப்புக் கூறுதல்

இம்மூன்று வழியும் பொருந்தாவாயின் வேறு வழி யாது? முதற்கண் திருமறை தன் மாந்தரை எவ்வாறு காட்டுகின்றது என்பதை உற்று நோக்குதல் வேண்டும். எபிரேயக் கதை கூறுவோர் பெரும்பாலும் ‘இவன் தீயன்’, ‘இவன் நல்லன்’ என்று நடுவில் நின்று உரைப்பதில்லை. பின்னிகழ்ச்சியை முன்னிகழ்ச்சிக்கு எதிரொலியாக அமைத்துத் தீர்ப்பை வாசகன் காதில் விழச்செய்வர்.

யாக்கோபின் கதையை எடுத்துக்கொள்வாம். ஆதியாகமம் 27ஆம் அதிகாரத்தில் அவன் வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கைகளிற் சுற்றி, அண்ணன் உடையை அணிந்து, பார்வை மங்கிய தந்தையை ஏமாற்றி ஆசி பெறுகின்றான். அவ்விடத்தில் ஆசிரியர் கண்டனம் ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் 29ஆம் அதிகாரத்தில், இரவின் இருளில் தங்கைக்கு ஈடாக அக்காளைப் பெற்று யாக்கோபே ஏமாறுகின்றான். 37ஆம் அதிகாரத்தில் அவன் மக்கள் ஓர் வெள்ளாட்டுக்கடாவைக் கொன்று, யோசேப்பின் அங்கியை அதன் இரத்தத்தில் தோய்த்துக் கொணர்ந்து காட்ட, முதிய தந்தையாகிய அவன் நம்பி அழுகின்றான். வெள்ளாடும் உடையும் கொண்டு ஏமாற்றியவன், வெள்ளாடும் உடையும் கொண்டே ஏமாற்றப்பட்டான். இதனினும் தெளிவான தீர்ப்பு வேண்டுமோ?

அடுத்த அதிகாரத்தில் யூதாவும் அங்ஙனமே. அங்கியைத் தந்தையிடம் கொடுத்து, அடையாளம் கண்டு பாரும் என்றனர் யூதாவும் சகோதரரும். பின்னர் யூதா தன் மருமகளாகிய தாமாருக்குரிய உரிமையைக் கொடாது காலங்கடத்தினான்; அவள் கருவுற்றாள் எனக் கேட்டு எரிக்கவும் ஆணையிட்டான். அவள் அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, அடையாளம் கண்டு பாரும் என்கின்றாள். எபிரேயத்தில் இவ்விரண்டிடத்தும் சொல் ஒன்றே. யூதா தன் பொருளைக் கண்டு, தன்னினும் அவளே நீதியுடையவள் என ஒப்புகின்றான். பிற்பாடு 44ஆம் அதிகாரத்தில், தம்பி பென்யமீனுக்கு ஈடாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளுமாறு எகிப்தின் அதிபதியை மன்றாடுபவனும் இவனே. தம்பி ஒருவனை விற்கக் கூறியவன், மற்றொரு தம்பிக்காகத் தன்னைக் கொடுக்க முன்வந்தான். ஒருவனை அவன் வாழ்வின் ஓர் அதிகாரத்தை மட்டும் கொண்டு அளத்தல் ஆகாது என்பதற்கு இது சான்று. அவ்வதிகாரத்தைக் கிழித்தெறிந்துவிட்டு அளத்தலும் ஆகாது.

தாவீதும் உரியாவும்

இனித் தாவீதிடம் வருவாம். இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை விரைவின்றி வாசித்தல் வேண்டும். அரசர் போருக்குப் புறப்படும் காலம். தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான். மாலையில் அரண்மனை உப்பரிகையில் உலாவியபோது, நீராடும் பெண்ணொருத்தியைக் கண்டான். அவள் யார் என விசாரித்தான். உரியாவின் மனைவி என்று தெளிவாகக் கூறப்பட்டது. கூறப்பட்ட பின்னரும் ஆளனுப்பி அழைப்பித்தான்.

இவ்விடத்தில் நம்மிற் பலர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் கடன். பத்சேபாள் மேல்மாடத்தில் எல்லார் கண்ணிலும் படுமாறு நீராடினாள் என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். நூலிலோ அங்ஙனம் இல்லை. மேல்மாடத்தில் நின்றவன் தாவீது. அவள் எங்கு நீராடினாள் என்று நூல் கூறவில்லை. தன் தீட்டு நீங்கச் சுத்திகரித்துக்கொண்டாள் என்று மட்டுமே அடுத்து வருகின்றது. அவள் அரசனை நாடினாள் என்பதற்கு அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அனுப்பியவன் அவன், அழைப்பித்தவன் அவன். நாத்தான் பின்னர்க் கூறும் உவமையிற் பத்சேபாள் ஏழையின் மடியில் வளர்ந்த ஆட்டுக்குட்டியாக வருகின்றாள். குட்டியைக் குற்றங்கூறுவார் யாருமிலர். இருள்பிரியாப் பொழுதிலும் இரவு நெடுநேரங் கழித்தும் வேலைக்குச் சென்று மீளும் பெண்கள் நிறைந்த நம் பக்கத்தில், ஒரு தீங்கு நேர்ந்தவுடன் ‘அவள் ஏன் அங்கே போனாள்?’ என்று கேட்கும் நாவுகள் இவ்வதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசித்தல் நன்று.

அவள் கருவுற்றாள் என அறிந்தவுடன் தாவீது உரியாவைப் போர்க்களத்தினின்று வரவழைத்து, வீட்டிற்குச் செல்லுமாறு ஏவினான். உரியா ஏத்தியன், இஸ்ரவேலில் வேற்றினத்தான். ஆயினும் பெட்டியும் படையும் கூடாரத்தில் தங்கியிருக்கத் தான் மட்டும் வீட்டின்பம் துய்த்தல் தகாது என்று வாயிலிலேயே படுத்துறங்கினான். மறுநாள் அவனைக் குடிக்கச் செய்தும் அவன் உறுதி தளர்ந்திலன். வெறியுண்ட உரியா தெளிந்த தாவீதினும் நேர்மையாளனாக நிற்கும் காட்சியை ஆசிரியர் வேண்டுமென்றே நம்முன் வைக்கின்றார். முடிவில் அவனைப் போர்முனையிற் கைவிடுமாறு யோவாபுக்கு எழுதிய ஓலையை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான் அரசன். தன் சாவோலையைத் தானே சுமந்து சென்றான் அவ்வீரன். அவனோடு வேறு சிலரும் மடிந்தனர். அதிகாரத்தின் இறுதியில், இதுகாறும் ஒன்றும் கூறாதிருந்த ஆசிரியர், தாவீது செய்தது கர்த்தருக்குத் தீயதாகத் தோன்றிற்று என்று ஒரே வரியில் முடிக்கின்றார்.

ஒப்புதலும் விளைவும்

அங்ஙனமாயின் தாவீதைப் போற்றுவது எதன்பொருட்டு? நாத்தான் அவனை நேர்நின்று குற்றஞ்சாட்டியபோது அவன் நடந்துகொண்ட முறைபற்றியே என்க. இதனைச் சவுலின் செய்கையோடு ஒப்புநோக்கின் வேற்றுமை விளங்கும். முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரிடம் கொள்ளை கொள்ளாதிருக்கும் கட்டளையைச் சவுல் மீறினான். அக்கட்டளையே இக்கால வாசகர்க்கு இடர்தருவதோர் பகுதி. அதனை ஈண்டு விடுத்து, அவன் விடைகூறிய முறையை மட்டும் நோக்குவாம். முதலில், தான் கட்டளையை நிறைவேற்றியதாகச் சொன்னான். பின்னர், மக்கள் செய்தனர் என்றான். பின்னர், பலியிடுதற்கே என்றான். இறுதியில் தான் பாவம் செய்ததாக ஒப்பியபோதும், மூப்பர் முன்னிலையில் தன்னைக் கனப்படுத்துமாறு சாமுவேலை வேண்டினான். தாவீதோ காரணம் காட்டவில்லை, பிறர்மேற் பழிபோடவில்லை, தன் மானத்தைக் காக்குமாறு கேட்கவுமில்லை. இரண்டே எபிரேயச் சொற்களில் ஒப்புக்கொண்டான். அரசனைக் குற்றஞ்சாட்டிய தீர்க்கதரிசி உயிரோடு வெளியேறினான் என்பதும், பின்னர்ப் பிறந்த மக்களுள் ஒருவனுக்கு நாத்தான் என்ற பெயர் வழங்கிற்று என்பதும் கருதத்தக்கன.

எனினும் மன்னிப்பு விளைவை அழித்துவிடவில்லை. உவமையைக் கேட்ட தாவீது, ஆட்டுக்குட்டிக்கு நான்கத்தனை திருப்பித்தரல் வேண்டும் எனத் தன் வாயாலே தீர்ப்பளித்தான். யாத்திராகமச் சட்டமும் அதுவே. உரியாவுக்கு அவன் எதனைத் திருப்பித் தர இயலும்? அவன் மகன் அம்னோன் தன் தங்கை தாமாரைக் கெடுத்தபோது, தாவீது கடுஞ்சினங்கொண்டான். ஆனாற் செய்தது ஒன்றுமில்லை. அவ்விடத்து அவன் கை எழாமைக்குக் காரணம் நூல் கூறவில்லையாயினும், முன்னதிகாரங்களை வாசித்தவன் ஊகித்தறிவான். நீதி கிட்டாத வீட்டில் அப்சலோம் தானே பழிவாங்கினான். பின் தந்தைக்கெதிராகக் கிளர்ந்தான். உப்பரிகையில் தொடங்கிய தீமை, அப்சலோம் தந்தையின் மறுமனையாட்டிகளிடத்துச் செய்த கொடுமையால் உப்பரிகைக்கே மீண்டது.

ஆகவே, தாவீது தள்ளப்பட்டானா என்று வினவுவார்க்கு யாம் கூறும் விடை: தள்ளப்படவில்லை; தப்பவிடப்படவுமில்லை. முதற்பகுதியை மட்டும் கூறுவோர் அரைக்கதை கூறுவோராவர்.

காலத்தின்மேற் பழிபோடுதல்

‘அக்காலத்து வழக்கம் அது’ என்னும் விடையும் அடிக்கடி கேட்கப்படுவது. இதில் ஓரளவு உண்மையுண்டு. ஒருவனுக்குக் கிட்டிய ஒளியைக் கொண்டே அவனை அளத்தல் வேண்டும். பலதார மணம் பற்றி யாக்கோபிடம் இக்காலச் சட்டத்தைக் கேட்டல் பொருந்தாது. ஆனால் அவன் காலத்தாரே, அவன் சட்டமே, ஒரு செயலைத் தீதென்று கூறியிருப்பின் காலத்தின்மேற் பழிபோடுதல் செல்லாது. தாவீதைக் கண்டித்தவன் இருபதாம் நூற்றாண்டினன் அல்லன். அவன் அரண்மனைக்குள் நின்ற நாத்தானே.

யெப்தாவின் செய்தியும் இவ்வாறே. வென்று மீண்டால் தன் வீட்டு வாயிலினின்று எதிர்வருவதைத் தகனபலியாக இடுவதாக அவன் நேர்ந்துகொண்டான். தம்புருடன் எதிர்வந்தவள் அவன் ஒரே மகள். அவள் பலியிடப்படவில்லை, மணமின்றி வாழவே விடப்பட்டாள் என்று இடைக்காலத்து யூத உரைகாரர் சிலர் பொருள்கொண்டனர். நூலின் நேர்ப்பொருளோ அங்ஙனம் எளிதில் வளையவில்லை. பிள்ளைகளைப் பலியிடுதலை மோசேயின் சட்டம் விலக்கியுள்ளது. நேர்ந்துகொண்ட ஆளைப் பணம் கொடுத்து மீட்கும் வழியும் லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில் உண்டு. ஆதலின் அவன் சட்டத்தின் ஒளியிலேயே அவன் செயல் தவறு. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் 11ஆம் அதிகாரத்தில் அவன் பெயர் விசுவாசிகளின் வரிசையில் வருகின்றதே எனின், ஆண்டுப் புகழப்படுவது அவன் விசுவாசமே, நேர்த்திக்கடன் அன்று. அப்பெண்ணின் பெயரை நூல் தரவில்லையாயினும், இஸ்ரவேலின் குமாரத்திகள் ஆண்டுதோறும் 4 நாள் அவளை நினைந்து புலம்பினர் எனக் கூறி முடிக்கின்றது. வென்ற தலைவனின் கதை, தோற்ற மகளின் நினைவோடு முடிவதை நோக்குமின்.

அந்தியோகியாவின் பந்தி

புதிய ஏற்பாட்டிலும் இந்நெறி மாறவில்லை. பேதுரு கரிநெருப்பருகே நின்று மும்முறை மறுதலித்ததையும், பின்னர்க் கடற்கரையிற் கரிநெருப்பருகே மும்முறை அன்பை அறிக்கையிட்டதையும் அனைவரும் அறிவர். மீண்டும் தவறமாட்டான் என்று எண்ணத்தோன்றும். கலாத்தியர் நிருபம் 2ஆம் அதிகாரமோ வேறு கூறுகின்றது. அந்தியோகியாவிற் புறவினத்தாரோடு உடனுண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டான். பவுல் அவனை நேருக்குநேர் கண்டித்தார். அப்போஸ்தலருள் முதல்வன் பந்தியினின்று எழுந்துபோனதை அந்நிருபம் ஒளிக்கவில்லை.

பந்தி என்றவுடன் தமிழ்க் கிறிஸ்தவர் நெஞ்சு சற்றே கூசுதல் வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடல்களைப் பாடாத தமிழ்ச்சபை அரிது. அவரே 1820களின் இறுதியில், சபைக்குள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்ற மிஷனெரிமாரை எதிர்த்து, சாதியாசாரத்திற்காக வாதாடி எழுதினார். 1833இற் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையினின்று அறவே விலக்குமாறு சுற்றுக்கடிதம் அனுப்பியபோது தஞ்சைச் சபை கலங்கிப் பிளவுற்றது. சாஸ்திரியாரின் பாடல்களை யாம் எரிக்கவேண்டுவதில்லை. அவர் எழுதியவற்றை மறைக்கவும் வேண்டுவதில்லை. பேதுருவின் நிருபங்களையும் வாசித்து, அவன் அந்தியோகியாவிற் செய்ததையும் வாசிக்கின்றோமன்றோ? அந்நெறியையே நம் பெரியோரிடத்தும் கைக்கொள்ளல் வேண்டும். அக்காலத்து வழக்கம் என்று கூறித் தப்ப இயலாது. பந்தியின் புறத்தே இருத்தப்பட்டோர் அக்காலத்திலேயே இருந்தனர்.

மூன்று தராசுகள்

மேற்கூறியவற்றால் யான் தெளிந்தது இதுவே. ஒருவனைப்பற்றி எழும் வினாக்கள் மூன்று. அவற்றை ஒரே தராசில் இடுதல் கூடாது.

முதல் தராசு செயலுக்குரியது. செயலை நிறுக்கும்பொழுது செய்தவனின் புகழைத் தட்டில் வைத்தலாகாது. தீங்குற்றவன் இழந்ததையே வைத்தல் வேண்டும். நாத்தான் செய்தது அதுவே. குற்றவாளி யார் என்று கூறாமற் குற்றத்தை மட்டும் கூறினான். தாவீதே நேரிய தீர்ப்பளித்தான்.

இரண்டாம் தராசு பொறுப்புக்குரியது. இவன் கையில் மீண்டும் பணத்தை, படையை, பிள்ளைகளைக் கொடுக்கலாமா என்பது அதன் வினா. வள்ளுவர் கூறிய ஆய்வு ஈண்டுப் பொருந்தும். தாவீது அரசனாகவே இருந்தான் அன்றோ எனின், இருந்தான். அங்ஙனம் இருந்தவன் தன் வீட்டிலேயே நீதிசெய்ய இயலாது நின்றதையும் நூல் காட்டுகின்றது. சவுலோ அரசிழந்தான். ஆகவே தாவீதின் கதையினின்று ‘மன்னிக்கப்பட்டவன் பதவியில் இருத்தல் வேண்டும்’ என்னும் விதியை உருவாக்குதல் தகாது.

மூன்றாம் தராசு ஆளுக்குரியது. இவன் முடிவில் எத்தகையன் என்பது. அத்தராசு நம் கையில் இல்லை. யூதாவின் 38ஆம் அதிகாரத்தில் இருப்பவன் 44ஆம் அதிகாரத்தை அறியான். நாம் ஒருவரையொருவர் நடுவதிகாரத்திற் காண்கின்றோமேயன்றி இறுதியில் அன்று.

நம் பக்கத்துப் பனியன் கம்பெனிகளிற் செக்கிங் மேசையில் அமர்ந்திருக்கும் பெண்கள் இதனை நம்மினும் நன்கறிவர். ஓர் ஆடையில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ கண்டால், அவ்விடத்தில் அடையாளமிட்டு ஒதுக்கி வைப்பர். செப்பனிடக்கூடியது செப்பனிடப்படும். குறிக்கப்பட்ட ஆடை குப்பைக்கே போகும் என்பதில்லை. ஆயிற் பழுதைக் கண்டும் மடித்துப் பெட்டியில் வைப்பவள் ஆடையைக் காப்பவள் அல்லள். பெட்டி முழுதையும் கெடுப்பவள். வெண்ணெயை உருக்குவோரும் அறிவர்: அடியிற் கசண்டு தங்கியது கண்டு நெய்யைக் கொட்டிவிடுவாரில்லை, கசண்டும் நெய்யே என்று சோற்றில் வார்ப்பாருமில்லை.

மீண்டும் அச்சிறு சபைக்கு வருவாம். அம்முதியவளின் வினாவிற்குப்பின் கூட்டத்தின் போக்கே மாறிற்று. அப்பெரியவர் தாமே எழுந்து, எடுத்தது உண்மை என்றார். வேறு விளக்கம் கூறவில்லை. பணத்தைத் தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். கணக்குப் பொறுப்பு வேறொருவரிடம் சென்றது. அவர் ஆலயத்திற்கு வருவதை எவரும் தடுக்கவில்லை. திருவிருந்தில் அவருக்கருகே முழங்காற்படியிட்டோருள் அம்முதியவளும் ஒருத்தி. மூன்று தராசுகளையும் அவர்கள் பெயர் கூறாமலே கையாண்டனர்.

உரியாவுக்கு யார் பேசுவார்? நூலைத் திறந்து பார்மின். சாமுவேல் ஆசிரியர் பேசினார், நாத்தான் பேசினான். தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் முடியுமிடத்து, இறுதிப் பெயர் ஏத்தியனாகிய உரியா என்பதே. முதலாம் இராஜாக்கள் 15ஆம் அதிகாரம் தாவீதைப் புகழ்ந்துவிட்டு, உரியாவின் காரியம் நீங்கலாக என்று நிறுத்திக்கொள்கின்றது. பல நூற்றாண்டுகள் கழிந்து, மத்தேயு தம் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்பொழுது, சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று எழுதவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே எழுதினார். அரசமரபின் பெருமையைக் கூறும் அவ்விடத்திலும் அவன் பெயரை மறக்க அவர் ஒருப்படவில்லை.

மாணவ நண்பர்காள், பெரியோரின் வாழ்க்கையைக் கற்கும்போது அவர்தம் மேன்மையைக் கற்றுக்கொள்வோம். அவர் மனந்திரும்பியதையும் கற்றுக்கொள்வோம். ஆயின் ஒவ்வொரு தாவீதின் கதையை வாசிக்கும்போதும், அதன் ஓரத்தில் நிற்கும் உரியாவின் பெயரையும் வாய்விட்டு வாசிப்போமாக.